ரொட்டிக்கு முன்னால் பூ

பிரான்ஸ் நாட்டு ஜனாதிபதி ஒருத்தர், உரிமை கோர ஆளில்லாத உடல்களை அடக்கம் செய்யும் இடத்தில் போய் நின்றிருக்கிறார், தெரியுமா? 2003 செப்டம்பர் 3-ம் தேதி. பாரிஸுக்குத் தெற்கே தியே என்ற ஊரில் இருக்கிற பெரிய இடுகாடு. ஜனாதிபதி பெயர் ழாக் சிராக். பக்கத்தில் பாரிஸ் மேயர். அன்றைக்கு அடக்கமானவர்கள் 57 பேர். எல்லாரும் ஆகஸ்ட் மாத வெயிலில் பாரிஸில் செத்துப்போனவர்கள். வாரக்கணக்கில் காத்திருந்தும் உடலைக் கேட்டு ஒருத்தரும் வரவில்லை.

இதைப் படித்துவிட்டு சும்மா கடந்துபோக முடியவில்லை. காரணம், அதற்கு மூணு வருஷம் முன்னால்தான், 2000-ல், உலக சுகாதார நிறுவனம் 191 நாடுகளின் மருத்துவ அமைப்பை வரிசைப்படுத்தி பிரான்ஸுக்கு முதலிடம் கொடுத்திருந்தது. ஓய்வூதியம் உண்டு, ஆஸ்பத்திரி உண்டு, ஆம்புலன்ஸ் உண்டு. அப்புறம் எப்படி?

இன்னொரு விஷயமும் இருக்கு. தனியாக இருக்கும் வயசானவர்களைத் தேடிப்போய்ப் பார்ப்பதற்கென்றே ஒரு கூட்டம் பிரான்ஸில் 1946-லேயே கிளம்பிவிட்டது. அதாவது வியாதி என்னவென்று அந்த ஊர்க்காரர் ஒருவருக்கு 57 வருஷம் முன்னாலேயே தெரிந்திருந்தது. அவர் கதையிலிருந்து ஆரம்பித்தால்தான் 2003 புரியும் என்பது என் எண்ணம்.

*

அவர் பெயர் ஆர்மோன் மார்க்கிஸே. 1900-ல் பிறந்தவர். பணக்கார பிரபு குடும்பம், சொந்தமாக அரண்மனை மாதிரி வீடு. இளைஞராக இருந்தபோது இசை, விருந்து, பெரிய மனுஷர்களின் சகவாசம் என்று போய்க்கொண்டிருந்தது வாழ்க்கை. 1930-ல் அவருடைய பாட்டி இறந்துபோனார். அந்தப் பாட்டிமேல் அவருக்குக் கொள்ளைப் பிரியம். அந்தச் சாவுக்குப் பிறகுதான் மனுஷர் ஏழைகள் பக்கம் திரும்பினார். தீவிரமான கத்தோலிக்கர் வேறு. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும், 1946 ஈஸ்டர் சமயத்தில், பாரிஸில் ஒரு சின்னக் குழுவை ஆரம்பித்தார். பெயர் 'ஏழைகளின் சின்னச் சகோதரர்கள்'. பெயரைப் பார்த்தால் சாமியார் மடம் மாதிரி தெரியும். உண்மையில் பெரும்பாலும் சாதாரண ஜனங்கள், தன்னார்வலர்கள்.

வேலை என்ன? தனியாக இருக்கும் வயசானவர்களின் வீட்டுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போவது. இதில் ஒண்ணும் புதுசு இல்லை. தர்ம சாப்பாடு எல்லா ஊரிலும் உண்டு. புதுசு என்னவென்றால் கூடவே பூவும் எடுத்துப் போனார்கள். 'ரொட்டிக்கு முன்னால் பூ' என்பதுதான் அவர்களுடைய வாசகம். இன்றைக்கு வரைக்கும் அந்த அமைப்போடு ஒட்டிக்கொண்டிருக்கிற வாசகம் அது.

இதன் கனம் புரியவேண்டுமானால் 1946-ல் பிரான்ஸ் எப்படி இருந்தது என்று தெரியவேண்டும். போர் முடிந்தும் பஞ்சம் தீரவில்லை. 1945 கடைசியில் ரொட்டிக்கு ரேஷனை எடுத்தார்கள். சமாளிக்க முடியாமல் 1946 ஜனவரியில் மறுபடி கொண்டுவந்துவிட்டார்கள். ரேஷன் சீட்டுகள் முழுசாக ஒழிந்ததே 1949-ல்தான். அந்த ஊரில் நின்றுகொண்டு, ரொட்டியே சீட்டுக்குத்தான் கிடைக்கும் என்ற நிலைமையில், ஒரு ஆள் பூ முதலில் என்கிறார்! வயித்துக்கு இல்லாதவனிடம் பூவைக் கொண்டுபோய் நீட்டினால் நம்ம ஊரில் என்ன சொல்வார்கள்? "கொழுப்பு" என்பார்கள். அங்கேயும் சொல்லித்தான் இருப்பார்கள்.

ஆனால் அவர் ரொட்டி வேண்டாம் என்று சொல்லவில்லை, கவனிங்க. ரொட்டியும்தான் கொண்டுபோனார். வரிசையைத்தான் மாற்றினார். ரொட்டியை வைத்துவிட்டுப் போகிறவனுக்குக் கதவு பாதி திறந்தால் போதும். பூவோடு வருகிறவனை "உள்ளே வாங்க" என்று சொல்லத்தான் வேண்டும். ஜாடி தேடவேண்டும், தண்ணி பிடிக்கவேண்டும், எங்கே வைக்கலாம் என்று யோசிக்கவேண்டும். அதற்குள் நாலு வார்த்தை பேசியாகிவிடும். உதவி வாங்குகிறவர் அந்தக் கணத்தில் வீட்டுக்காரர் ஆகிவிடுகிறார். வந்தவர் விருந்தாளி ஆகிவிடுகிறார். மார்க்கிஸே இப்படி விளக்கம் சொன்னாரா தெரியாது, இது என் வியாக்கியானம் :-)

அதோடு நிற்கவில்லை. கிறிஸ்துமஸ் ராத்திரி தனியாக உட்கார்ந்திருப்பவர்களைக் கூட்டிவந்து, வெள்ளைத் துணி விரித்த மேஜையில், ஷாம்பெயினோடு விருந்து. கோடைகாலத்தில் அரண்மனை மாதிரி வீடுகளில் விடுமுறை. மிச்சம் மீதியைக் கொடுப்பது தர்மம், நல்லதைக் கொடுப்பது நட்பு என்கிற கட்சி அவர்.

*

சரி, இனி அரசாங்கம் பக்கம் வருவோம். அவர்களும் சும்மா இல்லை. 1945 அக்டோபரில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஓய்வூதியம், மருத்துவம் எல்லாம் அதன் கீழே. ஆனால் ஏற்கெனவே வயசாகிப்போனவர்களுக்கு அது போதவில்லை. அதனால் 1956-ல் ஒரு நிதி ஆரம்பித்து, வயசானவர்களுக்குக் குறைந்தபட்ச வருமானத்துக்கு வழி செய்தார்கள். காசுக்கு என்ன செய்தார்கள் என்பதுதான் சுவாரசியம். கார் வைத்திருப்பவர்கள் வருஷாவருஷம் ஒரு ஸ்டிக்கர் வாங்கி முன்கண்ணாடியில் ஒட்டவேண்டும். பணக்காரனின் கார், ஏழைப் பாட்டிக்கு ரொட்டி. கேட்க நல்லாத்தான் இருந்தது. ஆனால் சீக்கிரமே அந்தக் காசு பொது கஜானாவுக்குப் போக ஆரம்பித்துவிட்டது. ஸ்டிக்கர் மட்டும் 2000 வரைக்கும் ஓடியது. எல்லா ஊர் அரசாங்கமும் ஒண்ணுதான் போல.

1962-ல் பியர் லரோக் என்பவர் தலைமையில் ஒரு குழு, முதுமை பற்றி ஒரு அறிக்கை கொடுத்தது. 1945 சமூகப் பாதுகாப்பு அமைப்பைக் கட்டியவரும் இவர்தான். பிரான்ஸில் முதியோர் கொள்கை என்று எதை எடுத்தாலும் இந்த அறிக்கையில் போய் நிற்கும். அதுவரை ஏழை முதியவர்களுக்கு இருந்த வழி, நீளமான கூடத்தில் வரிசையாகக் கட்டில் போட்ட விடுதிகள். சொந்த அலமாரி, சொந்தக் கதவு எதுவும் கிடையாது. லரோக் குழு அதை மாற்றச் சொன்னது: வயசானவர்கள் அவரவர் வீட்டிலேயே, ஊருக்கு நடுவிலேயே வாழட்டும், அதற்கு வேண்டிய உதவியை வீட்டுக்கு அனுப்புங்கள்.

இதைவிட நல்ல யோசனை கிடையாது. நானே வயசானால் இதைத்தான் கேட்பேன். ஆனால் இதில் இரண்டு பாதி இருக்கு. 'வீட்டிலேயே' என்பது ஒரு பாதி, 'ஊருக்கு நடுவிலேயே' என்பது இன்னொரு பாதி. முதல் பாதியைச் சட்டம் போட்டு, காசு கொடுத்து, ஆள் அனுப்பிச் செய்துவிடலாம். சமையலுக்கு ஆள், நர்ஸ் எல்லாம் வரும். இரண்டாவது பாதியை எந்த இலாகா செய்யும்? பக்கத்து வீட்டுக்காரன் எட்டிப் பார்க்கவேண்டும் என்று அரசாணை போடமுடியுமா?

எழுபதுகளில் அந்த இரண்டாவது பாதியைக் குழுக்கள் எடுத்துக்கொண்டன. 1973-ல் துலூஸ் நகரத்தில் பியர் வெல்லாஸ் என்ற பேராசிரியர், ஓய்வு பெற்றவர்களுக்காகப் பல்கலைக்கழகத்தைத் திறந்துவிட்டார். 'மூன்றாம் வயது' பல்கலைக்கழகம் என்று பெயர். பரீட்சை கிடையாது, பட்டம் கிடையாது, வந்து உட்கார்ந்து கேட்கலாம். அந்த யோசனை உலகம் பூரா பரவியது. கிராமங்களில் வயசானவர்களுக்கான கிளப்புகள் முளைத்தன; 1976-ல் அவை ஒரு தேசியக் கூட்டமைப்பாகச் சேர்ந்தன. சீட்டாட்டம், சுற்றுலா, சேர்ந்து சாப்பாடு.

நல்ல விஷயம்தான். ஆனால் ஒரு ஓட்டை இருந்தது. இதெல்லாம் வரமுடிகிறவர்களுக்கு. பாரிஸில் பழைய கட்டடங்கள் ஆறு ஏழு மாடி இருக்கும், நிறையவற்றில் லிஃப்ட் கிடையாது. உச்சியில், துத்தநாகத் தகடு போட்ட கூரைக்குக் கீழே, ஒரு காலத்தில் வேலைக்காரர்கள் படுத்துக்கொண்ட சின்னச் சின்ன அறைகள். வாடகை குறைவு. அங்கே குடியிருக்கிற ஒரு பாட்டிக்கு முட்டி வலி வந்தால் கதை முடிந்தது. கிளப் தெரு முனையில்தான் இருக்கும், ஆனால் அவருக்கு அது அமெரிக்கா மாதிரி தூரம்.

இதற்கு ஒரு உதாரணம் பெரிய சேதியாகவே ஆனது. தொண்ணூறுகளில் பாரிஸ் 17-வது வட்டாரத்தில் அத்தனாஸ் பெரிஃபான் என்ற உள்ளூர் கவுன்சிலர் குடியிருந்த கட்டடத்திலேயே ஒரு வயசான அம்மா இறந்து, நாலு மாசம் கழித்துத்தான் தெரியவந்தது. தினமும் ஏறி இறங்குகிற அதே மாடிப்படி. அதிர்ந்துபோன பெரிஃபான், 1999-ல் 'கட்டடக் கொண்டாட்டம்' என்று ஒன்றை ஆரம்பித்தார். வருஷத்தில் ஒரு சாயங்காலம், கட்டடத்தில் இருக்கிற எல்லாரும் ஆளுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுவந்து முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிடவேண்டும். அவ்வளவுதான். அடுத்த வருஷமே நாடு முழுக்கப் பரவி, இப்போது 'அயல்வீட்டார் விழா' என்ற பெயரில் பல நாடுகளில் நடக்கிறது. சாப்பாட்டைவிட முக்கியம், மூணாவது மாடியில் யார் இருக்காங்க என்று எல்லாருக்கும் தெரிந்துவிடுவது.

*

இந்த நிலைமையில்தான் 2003 ஆகஸ்ட் வந்தது. பாரிஸில் பகலில் 40 டிகிரிக்குப் பக்கத்தில். சில இரவுகளில் 25-க்குக் கீழே இறங்கவே இல்லை. "40 டிகிரிக்கா இந்தப் பாடு?" என்று வேலூர்க்காரர்கள் சிரிக்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த ஊர் வீடுகள் குளிருக்குக் கட்டியவை. மின்விசிறி மாட்டும் வழக்கமே கிடையாது. தகடு கூரை பகல் பூரா காய்ந்து, ராத்திரியில் அந்தச் சூட்டைக் கீழே இறக்கும். வயசான உடம்புக்குத் தாகம் எடுப்பதும் மட்டுப்பட்டுவிடும், வேர்ப்பதும் குறைந்துவிடும். பக்கத்தில் ஒருத்தர் இருந்து "இந்தாங்க, தண்ணி குடிங்க" என்று டம்ளரை நீட்டினால் பிழைத்துக்கொள்வார்கள். அந்த ஒருத்தர்தான் இல்லை. ஆகஸ்ட் மாசம் பாரிஸே காலி. பாதி ஊர் கடற்கரைக்குப் போயிருக்கும். கடைகள், ஏன், பல டாக்டர்களின் கிளினிக்கூட மூடியிருக்கும்.

ஆகஸ்ட் 10-ம் தேதி பத்ரிக் பெலூ என்ற அவசர சிகிச்சை மருத்துவர், ஆஸ்பத்திரியில் ஜனங்கள் கொத்துக்கொத்தாகச் சாகிறார்கள் என்று பகிரங்கமாகக் கத்தினார். மறுநாள் சுகாதார அமைச்சர் தன் விடுமுறை வீட்டிலிருந்து போலோ டி-ஷர்ட்டோடு டிவிக்குப் பேட்டி கொடுத்தார். அந்த டி-ஷர்ட்டை அந்த நாடு இன்னும் மறக்கவில்லை. பிணவறைகள் நிரம்பி, ருன்ஜிஸ் மொத்த மார்க்கெட்டில் காய்கறி, மாமிசம் வைக்கிற குளிர்கிடங்கு ஒன்றைப் பிணவறை ஆக்கினார்கள். 18-ம் தேதி சுகாதாரத் துறைத் தலைவர் ராஜினாமா. பிறகு ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, ஆகஸ்ட் 1 முதல் 20 வரை வழக்கத்தைவிடக் கூடுதலாக இறந்தவர்கள் 14,802 பேர். பெரும்பாலோர் 75 வயசுக்கு மேற்பட்டவர்கள்.

உடனே பழி போட ஆள் தேடினார்கள். "பெத்தவங்களை விட்டுட்டு பீச்சுக்குப் போன பிள்ளைங்க" என்ற கதை ஓடியது. கேட்க ரொம்ப வசதியான கதை. ஆனால் முழு உண்மை இல்லை. வீட்டில் செத்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மீதிப்பேர் ஆஸ்பத்திரியிலும் முதியோர் இல்லங்களிலும். தியே இடுகாட்டில் அடக்கமானவர்களில் பலருக்கு விட்டுப்போகப் பிள்ளையே கிடையாது. கல்யாணம் ஆகாதவர்கள், துணையை இழந்தவர்கள், சொந்தமெல்லாம் அவர்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தவர்கள். எண்பது தொண்ணூறு வயசுவரை உயிரோடு இருப்பதே ஒருத்தரை அனாதை ஆக்கிவிடும். பிள்ளைகளைத் திட்டினால் இவர்கள் பிரச்சினை தீராது. இவர்களுக்கு வேண்டியது சொந்தக்காரன் இல்லாத ஒரு ஆள்.

*

இங்கே கொஞ்சம் அமெரிக்கா போய்விட்டு வரவேண்டியிருக்கு. மார்க்கிஸேயின் சின்னச் சகோதரர்கள் 1959-ல் சிகாகோவில் ஒரு கிளை ஆரம்பித்தார்கள், அது இன்றும் இருக்கிறது. அந்த சிகாகோவிலும் இதே மாதிரி வெயில் அடித்தது, பாரிஸுக்கு எட்டு வருஷம் முன்னால். 1995 ஜூலையில், ஒரே வாரத்தில் 739 பேர் கூடுதலாக இறந்தார்கள்.

அதன்பிறகு அமெரிக்கர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். யார் செத்தார்கள், யார் பிழைத்தார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1996-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் முடிவு வந்தது. படுக்கையோடு இருப்பவர்களுக்கும், தினமும் வீட்டைவிட்டு வெளியே போகாதவர்களுக்கும், தனியாக வசிப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம். ஏசி இருந்தால் ஆபத்து குறைவு. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். நான் நிமிர்ந்து உட்கார்ந்தது அடுத்த வரிக்கு. ஏதாவது ஒரு மன்றத்திலோ கிளப்பிலோ உறுப்பினராக இருந்தவர்களுக்கும், ஏன், நாய் பூனை வளர்த்தவர்களுக்குமே சாகும் வாய்ப்பு குறைவாக இருந்திருக்கிறது! சீட்டாடப் போகிறவர் ஒருநாள் வரவில்லை என்றால், "என்னாச்சு அவருக்கு?" என்று நாலுபேர் கேட்பார்கள். நாய் இருந்தால் அதை வெளியே கூட்டிப்போக வேண்டும், அப்போது தெருவில் நாலு முகம் பார்க்கவேண்டும்.

எரிக் கிளைனன்பர்க் என்ற சமூகவியல்காரர் இன்னும் ஒரு படி மேலே போனார். சிகாகோவில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பகுதிகளை எடுத்துக்கொண்டார்: நார்த் லாண்டேல், சவுத் லாண்டேல். இரண்டிலும் ஏழை முதியவர்கள், தனியாக இருக்கும் முதியவர்கள் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஆனால் வெயிலில் இறந்தவர்கள் விகிதம் வடக்கில் தெற்கைப்போலப் பத்து மடங்கு. வடக்குப் பகுதியில் தொழிற்சாலைகள் மூடி, கடைகள் போய், காலி மனைகளும் பயமும்தான் மிச்சம். தெற்கில் தெரு பூரா கடை, நடைபாதை பூரா ஜனம். வயசானவர்கள் சூடு தாங்காமல் கீழே இறங்கி வந்தால், நுழைய ஒரு கடை இருந்தது, பேச ஒரு ஆள் இருந்தது. அவருடைய புத்தகம் வெளிவந்தது 2002-ல். பாரிஸில் பிணங்களைக் குளிர்கிடங்குக்குக் கொண்டுபோனது அதற்கு அடுத்த வருஷம். மார்க்கிஸேயை விடுங்கள், ஆராய்ச்சியே வந்து கையில் இருந்திருக்கிறது!

*

2003-க்குப் பிறகு பிரான்ஸ் பாடம் படித்ததா? படித்தது என்றுதான் சொல்லவேண்டும். 2004 ஜூனில் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு ஊர் மேயரும் தனியாக இருக்கும் முதியவர்களின் பட்டியல் ஒன்று வைத்திருக்கவேண்டும். வெயில் எச்சரிக்கை வந்தால் அவர்களுக்கு ஃபோன் போட்டு விசாரிக்கவேண்டும். முதியோர் இல்லங்களில் ஒரு குளிர்ந்த அறையாவது வேண்டும் என்று விதி வந்தது. பலன்? 2006 ஜூலையில் மறுபடி கடும் வெயில். பழைய கணக்குப்படி 6,400 பேர் கூடுதலாக இறந்திருக்க வேண்டும். இறந்தது சுமார் 2,000 பேர். நாலாயிரத்துச் சொச்சம் உயிர் மிச்சம். சின்ன விஷயமில்லை.

அதே சட்டத்தில் இன்னொரு கூத்தும் உண்டு. முதியோர் நலனுக்குப் பணம் திரட்ட, பெந்தெகொஸ்தே திங்கள்கிழமை லீவை எடுத்துவிட்டு 'ஒற்றுமை நாள்' ஆக்கினார்கள். அன்றைக்குத் தொழிலாளி சம்பளமில்லாமல் வேலை பார்க்கணும், முதலாளி அதற்காகச் சம்பளத் தொகையில் 0.3 சதவீதத்தை அரசுக்குக் கட்டணும். ஜனங்கள் கொதித்துப்போனார்கள், பின்னாடி சட்டத்தைத் தளர்த்த வேண்டியதாயிற்று. யோசித்துப் பாருங்கள். பாட்டியைப் போய்ப் பார்க்க ஒரு லீவு நாள் இருந்தது. அதைப் பிடுங்கிக் காசாக்கி, பாட்டிக்கு அனுப்பிவிட்டார்கள். ரொட்டிக்கு முன்னால் பூ என்பதை அப்படியே திருப்பிப் போட்டால் இதுதான்.

அந்தப் பட்டியலிலும் ஒரு சிக்கல் இருக்கு. அது கட்டாயம் இல்லை. அவரவர் விருப்பப்பட்டுப் பெயர் கொடுக்கவேண்டும், அல்லது தெரிந்தவர் யாராவது கொடுக்கவேண்டும். யோசித்தால் சரிதான், அரசாங்கம் ஒருத்தரைக் கேட்காமல் 'அனாதை' என்று முத்திரை குத்தக்கூடாது. ஆனால் பெயர் கொடுக்க ஆள் இருப்பவர் ஏற்கெனவே முழுத் தனிமையில் இல்லை. முழுத் தனிமையில் இருப்பவரின் பெயர் பட்டியலில் வராது.

நான் பொட்டி தட்டுகிறவன், எனக்கு இது உடனே புரிகிற பிரச்சினை. நூறு சர்வர் இருந்தால், ஒவ்வொன்றும் நிமிஷத்துக்கு ஒருமுறை "நான் இருக்கேன்" என்று சிக்னல் அனுப்பும். சிக்னல் வராவிட்டால் நமக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபோன் அடிக்கும். ஆனால் கண்காணிப்புப் பட்டியலில் சேர்க்க மறந்துபோன சர்வர் ஒன்று செத்தால் ஒரு அலாரமும் அடிக்காது. மாசக்கணக்கில் அப்படியே கிடக்கும். பெரிஃபான் கட்டடத்து அம்மாவுக்கு நடந்தது அதுதான். சர்வருக்கு ஒரு வரி சேர்த்தால் போதும். மனுஷருக்கு அந்த வரி என்பது, அவர் வரவில்லை என்றால் கவனிக்கிற இன்னொரு மனுஷர். வேறு எதுவும் இல்லை.

குழுக்களின் வேலை அங்கேதான் வருகிறது. இன்றும் சின்னச் சகோதரர்கள் செய்வது பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. ஒரு தன்னார்வலர், தொடர்ந்து அதே பெரியவர் வீட்டுக்குப் போவார். காபி, பேச்சு, நடக்கமுடிந்தால் ஒரு சின்ன நடை. யாராவது வருவார்கள் என்பதைவிட 'அவர் வருவார்' என்பதுதான் முக்கியம். நர்ஸும் வருவார், ஆனால் அவருக்கு இன்னும் எட்டு வீடு பாக்கி, கண் கடிகாரத்தில் இருக்கும். காசு வாங்காமல் வருகிறவருக்கு உங்களைப் பார்ப்பதைத் தவிர அங்கே வேறு வேலை இல்லை. வயசானவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

அப்படியென்றால் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. 2014-ல் பிரான்ஸ் அரசும் பல சங்கங்களும் சேர்ந்து 'மோனலிசா' என்று ஒரு கூட்டணி அமைத்தார்கள். முதியோர் தனிமைக்கு எதிரான தேசிய அணி என்பதன் பிரெஞ்சு சுருக்கம் அப்படி வரும், ஓவியம் இல்லை :-) ஊருக்கு ஊர் தன்னார்வக் குழுக்கள் அமைத்தார்கள். இருந்தும், சின்னச் சகோதரர்கள் 2017-ல் எடுத்த கணக்கில், குடும்பம், நண்பர், அக்கம்பக்கம், சங்கம் என்று யாரோடும் அநேகமாகத் தொடர்பே இல்லாத, அறுபது தாண்டியவர்கள் பிரான்ஸில் 3 லட்சம் பேர். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'சமூக மரணம்'. 2021-ல் மறுபடி எண்ணினார்கள். 5,30,000. இடையில் கொரோனா ஊரடங்கு வந்து கதவுகளையெல்லாம் சாத்திவிட்டுப் போயிருந்தது.

இந்த எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு "அப்ப இந்தக் குழுக்களால என்ன பிரயோஜனம்?" என்று கேட்கலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஓய்வூதியத்தைப் பெருக்குவது சுலபம், ஒரு கையெழுத்தில் பத்து லட்சம் பேருக்குப் போகும். நட்பு அப்படிப் பெருகாது. ஒருத்தருக்கு ஒருத்தர் என்றுதான் போகும், ஒவ்வொரு மாடிப்படியாக ஏறித்தான் ஆகவேண்டும். அதனால் அந்த வேலை எப்போதும் பாக்கி இருக்கும். அதை அரசாங்கத்தால் செய்யமுடியாது என்று சொல்லி அரசாங்கத்தை விட்டுவிடவும் முடியாது: 2006-ல் பிழைத்த நாலாயிரம் பேர் அரசாங்கம் ஃபோன் போட்டதாலும் எச்சரித்ததாலும்தானே பிழைத்தார்கள். இரண்டும் வேண்டும். மார்க்கிஸேயும் இரண்டையும்தான் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

அவர் 1981-ல் இறந்துபோனார். 2003-ஐப் பார்க்கவில்லை. ரேஷன் ரொட்டிக் காலத்தில் அவர் பூ வாங்கியதைச் சிலர் ஊதாரித்தனம் என்று நினைத்திருக்கலாம். ரொட்டி எல்லாருக்கும் கிடைத்த காலத்தில், தியே இடுகாட்டில் அந்த 57 பேருக்கும் பூ வைத்தார்கள். வைக்க ஜனாதிபதியே வந்திருந்தார். ஆனால் அதற்குள் ஜாடி எடுத்துவந்து தண்ணி ஊற்ற வீட்டுக்காரர் இல்லை.